வீரை மரத்து வளைவு

ஒரு ரோட்டின் கதையை யாராவது வந்து கேட்டால், அந்த ரோட்டை ஏதோ செய்யப்போகிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். சும்மா இருக்கிற ரோட்டுக்குக் கதை எதற்கு?

அந்தப் பெண் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "தாத்தா, இந்தக் காட்டு ரோட்ட எப்ப போட்டாங்க, யாரு போட்டாங்கன்னு உங்கள கேட்டா தெரியும்னாங்க" என்றபோது எனக்கு முதலில் வந்த நினைப்பு, யார் அப்படிச் சொன்னது என்பதுதான். டீக்கடைக்காரன்தான் சொல்லியிருப்பான். அவன் வாயில் ஒன்றும் நிற்காது.

"எனக்கு இன்னாமா தெரியும். நான் பள்ளிக்கூடம் போகாத ஆளு" என்றேன்.

அது பொய் இல்லை. இதையெல்லாம் நான் சொல்ல, எழுதுவது என் மருமகள். படித்த பெண், அவள் புத்தகத் தமிழில்தான் எழுதுவாள். நான் சொன்னதைத்தான் எழுதுகிறாளா என்று இரண்டு தடவை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டேன். ஒரு இடத்தில் கொஞ்சம் மாற்றியிருந்தாள். அதைத் திரும்ப எழுத வைத்தேன்.

ஆனால் ரோடு எனக்குத் தெரியும். மீசை முளைத்ததிலிருந்து நரைக்கும் வரை ரோட்டு வேலைதான். சரளை கொட்டினேன், ஜல்லி பரப்பினேன், தார் காய்ச்சினேன், மழைக்கு முன்னால் ஓரத்து வாய்க்காலை வெட்டிவிட்டேன், வெயில் காலத்தில் மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கிலோமீட்டர் கல்லுக்குப் பெயின்ட் அடிப்பதும் நான்தான். எழுத்துக்கு வேறு ஆள் வருவான், நம்பர் மட்டும் எனக்கு. பழைய நம்பரின் மேலேயே தூரிகையை ஓட்டி ஓட்டி, பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரைக்கும் கை பழகிவிட்டது. இன்றைக்கும் எனக்கு எழுத வருவது அந்தப் பத்துதான்.

திண்டிவனத்திலிருந்து கடல் பக்கம் போகிற வழியில் பிரிந்து, செம்மண் மேட்டில் ஏறினால் எங்கள் ஐயனார் கோயில் காடு வரும். வெளியில் கேப்பைக் கொல்லையும் மல்லாட்டைக் கொல்லையும் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்போது உள்ளே போனால் கண் பழகுவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். மேலே பாலையும் நாவலும், கீழே குட்டை மரமாகக் காசான், நடுநடுவே வீரை. கோயிலைவிடக் காடு பழசு என்பார்கள். இப்போது பைக்கில் வருகிற பிள்ளைகள் அந்த ரோட்டில் நின்று படம் எடுக்கிறார்கள். மரம் இரண்டு பக்கமிருந்தும் வந்து மேலே ஒட்டிக்கொள்கிறதாம், குகை மாதிரி இருக்கிறதாம். நாங்கள் அங்கே நின்று படம் எடுத்ததில்லை. தலையில் சட்டியைச் சுமந்துகொண்டு போனால் கொடி கண்ணில் அடிக்கும். அதுதான் எங்களுக்குத் தெரிந்த அழகு.

அந்தக் காட்டுக்கு ஒரு கட்டு உண்டு. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. காட்டிலிருந்து ஒரு சுள்ளிகூட வெளியே போகக்கூடாது. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மக்க வேண்டியதுதான். காற்றுக்குக் கிளை முறிந்து ரோட்டில் கிடந்தால் நாங்கள் அதை இழுத்துக் காட்டுக்குள்ளேயே போடுவோம். அடுப்புக்கு எடுத்துப்போக மாட்டோம். வெளியே வரும்போது வேட்டியை உதறி, செருப்பைத் தட்டி, தலையில் ஒட்டிய இலையை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் வருவோம். எங்கள் கேங்கில் வேலை செய்த என் கூட்டாளி மாதா கோயில்காரன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். அவனும் உதறிவிட்டுத்தான் வருவான். "உங்க சாமிக்குப் பயந்து இல்லயா, உன் வாய்க்குப் பயந்து" என்பான். ஆனால் நான் இல்லாத நாளிலும் உதறுவதைப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் அது வண்டித்தடம். ஐயனாருக்கு மண்குதிரை செய்து மாட்டு வண்டியில் கொண்டுபோன தடம். மாடு மரத்தை முட்டிக்கொண்டு போகாது, சுற்றிக்கொண்டுதான் போகும். அதனால் தடமும் சுற்றிச் சுற்றிப் போனது. அப்புறம் சரளை கொட்டி மண் ரோடு ஆக்கினார்கள். அதில் எங்கள் அப்பா வேலை செய்தார். தார் போட்டபோது நான் செய்தேன். அப்போதுதான் அந்த வளைவு விஷயம் நடந்தது. அதைத்தான் அந்தப் பெண் என் வாயிலிருந்து பிடுங்கப் பார்த்தாள்.

அவள் கையில் ஒரு பழைய வரைபடத்தின் நகல் இருந்தது. விரலை வைத்துக் காட்டினாள்.

"இதுல ரோடு நேரா போகுது பாருங்க. ஆனா தரையில இந்த எடத்துல ரோடு வளைஞ்சி போயி திரும்ப வந்து சேருது. ஏன் தாத்தா?"

"நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே போட்டதுமா" என்றேன்.

அது பொய்.

அவளோடு பெயின்ட் டப்பாவுடன் ஒரு ஆள் வந்திருந்தான். ரோட்டின் இரண்டு பக்கத்து மரத்துக்கும் நெஞ்சு உயரத்தில் சிவப்பில் நம்பர் போட்டுக்கொண்டு வந்தான். அவள் மரத்தைச் சுற்றி டேப் பிடித்து அளந்து நோட்டில் எழுதினாள். ஒவ்வொரு வகை மரத்திலும் ஓர் இலையைப் பறித்து செய்தித்தாளுக்குள் வைத்து மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர்க்காரன் சுள்ளி எடுக்கப் பயப்படுகிற காட்டில் இவள் பை நிறைய இலையை எடுத்துப் போகிறாள், கேட்க ஆள் இல்லை.

என் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. சென்னை ரோட்டை நாலு வழியாக ஆக்குவதற்கு முன்னால் கூட்டேரிப்பட்டுப் பக்கம் ரோட்டின் இரண்டு புறமும் புளியமரம். திண்டிவனம் என்ற பேரிலேயே புளியங்காடு இருக்கிறது என்பார்கள். அந்தப் பேருக்கு ஏற்ற மாதிரி நின்ற மரங்கள். சுண்ணாம்பு அடித்தது நான். ஒரு நாள் வந்து பார்க்கிறேன், நான் அடித்த சுண்ணாம்பின் மேலேயே நம்பர். எதற்கு என்று கேட்டேன். "கணக்கெடுக்கிறோம்" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். நானும் எண்ணுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஏலம், அப்புறம் ரம்பம். நம்பர் வரிசைப்படிதான் அறுத்தார்கள். அன்றைக்கு நான் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அதை இன்னும் மறக்கவில்லை.

காட்டு ரோட்டில் நம்பர் விழுந்த அன்று சாயங்காலம் டீக்கடையில் கூட்டாளி உட்கார்ந்திருந்தான். நான் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்தான்.

"வளைவுலயும் போட்டாங்களா?"

"வளைவுலயும்தான். ஒண்ணு விடல."

டீக்கடைக்காரன் குறுக்கே வந்தான். "பெரிப்பா, அந்தப் பொண்ணு மரத்த காப்பாத்தறவங்களாம். கவர்மெண்ட் ஆபீஸோட சேர்ந்து செய்றாங்களாம். எங்கிட்ட டீ குடிக்கும்போது சொல்லிச்சு."

"காப்பாத்தறதுக்கு எதுக்குடா நம்பரு?" என்றான் கூட்டாளி. "ஆட்டுக்கு மஞ்சத்தண்ணி தெளிக்கிறது இன்னாத்துக்கு? குளிப்பாட்டறதுக்கா?"

டீக்கடைக்காரன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வளைவின் கதை எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். கேங்கில் இருந்த மற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தார் போடுவதற்கு முன் ரோட்டை நேராக்க முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிறு நேராக ஒரு வீரை மரத்தின் மார்பில் போய் முட்டியது. அது சாதாரண மரம் இல்லை. மூன்று பேர் கைகோத்தாலும் எட்டாது. அடியில் பொந்து. அந்தப் பொந்தில்தான் உடைந்த மண்குதிரையைக் கொண்டுபோய் வைப்பார்கள். ஓவர்சியர் மரத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். "நாளைக்கு ஆள் விட்டு எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் திண்டிவனத்துக்குச் சாப்பிடப் போனார். கோடாலி எடுக்க எங்களில் ஒருத்தனும் தயாராக இல்லை. மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நான்தான் போய் முதல் முளையைப் பிடுங்கினேன். கூட்டாளி இரண்டாவதைப் பிடுங்கினான். ஓவர்சியர் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு வருவதற்குள் பதினெட்டு முளையைத் தள்ளி அடித்து, கயிற்றை வளைத்துக் கட்டி, சரளையும் கொட்டிவிட்டோம்.

அவர் வந்து நின்று பார்த்தார். "இன்னாயா, கயிறு கோணலா போகுது?"

மேஸ்திரி சொன்னார்: "கயிறு நேராத்தாங்க போகுது. காடுதான் கொஞ்சம் திரும்பிக்கினு இருக்குது."

ஓவர்சியருக்குப் புரியாமல் இல்லை. அப்புறம் ஜீப்பில் ஏறிக்கொண்டார். வரைபடத்தில் நேராக இருந்ததை அவரும் திருத்தவில்லை. திருத்தினால் யார் சொல்லி வளைத்தாய் என்று கேள்வி வரும். அதனால் காகிதத்தில் நேராகவும் தரையில் வளைவாகவும் அந்த ரோடு இத்தனை வருஷமாக இருக்கிறது. என் பயம் இதுதான்: காகிதத்தில் நேராக இருக்கிறது என்று எவனாவது கண்டுபிடித்தால், தரையை நேராக்க வருவான். இப்போது ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள்.

மறுநாள் உச்சி வேளையில் போனேன். அந்த நேரத்தில் ரோட்டில் ஆள் இருக்காது. ரேஷனில் மண்ணெண்ணெய் நின்று எத்தனையோ காலம் ஆகிறது. அப்போது மிச்சம் பிடித்த ஒரு கேன் வீட்டில் இருந்தது. பழைய லுங்கித் துணியை நனைத்துத் துடைத்தால் புதுப் பெயின்ட் கரைந்து வந்தது. துடைத்த இடத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தேன். பார்க்கிறவனுக்கு வழக்கமான சுண்ணாம்பு மாதிரி இருக்கும். காடு முழுக்க என்னால் முடியாது. வளைவில் இருந்த இருபத்தோரு மரத்தை மட்டும் முடித்தேன். ஒவ்வொன்றையும் துடைக்கும் முன்னால் நம்பரை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். ஏன் பார்த்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நம்பரைக் கண்டால் பார்ப்பது என் வழக்கம். வீரை மரத்துக்கு நூற்று ஐம்பத்தெட்டு. ஐந்தின் தொப்பி கோணல். அந்த ஆளுக்கு ஐந்து போட வரவில்லை.

வெளியே வரும்போது துணியையும் உதறினேன். மரத்தில் இருந்து வந்த பெயின்ட் காட்டுடையதா இல்லையா என்று ஒரு குழப்பம். துணியை அங்கேயே போடலாம் என்றால் குப்பை. கடைசியில் கொண்டுவந்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து அந்தப் பெண் டீக்கடைக்கு வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. நானும் கூட்டாளியும் பெஞ்சில் இருந்தோம்.

"யாரோ நம்பர அழிச்சிட்டாங்க அண்ணா" என்று கடைக்காரனிடம் சொன்னாள். "கரெக்டா அந்த வளைவுல மட்டும்."

"குரங்கா இருக்கும்" என்றான் கூட்டாளி.

"குரங்கு சுண்ணாம்பு அடிக்குமா தாத்தா?"

கூட்டாளி டீயைப் பார்த்துக்கொண்டான்.

அப்புறம் அவள் உட்கார்ந்து விவரமாகச் சொன்னாள். எங்களுக்கு இல்லை, கடைக்காரனுக்கு. ரோட்டை அகலமாக்குகிற பேச்சு இருக்கிறது. அதனால்தான் முன்கூட்டியே இந்தப் பட்டியல். பட்டியலில் ஏறின மரத்தைத் தொடாமல்தான் ரோடு போட வேண்டும் என்று எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை மேலிடத்து ஆட்கள் வந்து மரத்தையும் நோட்டையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பார்கள். நம்பர் இல்லாத மரத்தைப் பட்டியலில் இருந்து அடித்துவிடுவார்கள்.

"மறுபடி போட்டா போச்சு" என்றான் கடைக்காரன்.

"எந்த நம்பர் எந்த மரம்? அதுல பதினோரு மரம் காசான். எல்லாம் ஒரே சைசு. நம்ம ஆளு நடுவுல விட்டுட்டு விட்டுட்டு, திரும்ப வந்து போட்டாரு. வரிசையா இல்ல. தப்பா போட்டா மொத்த லிஸ்டையும் நம்ப மாட்டாங்க."

நான் எழுந்து நடந்தேன். கூட்டாளி பின்னாலேயே வந்தான்.

"நம்பிடாதயா" என்றான். "அகலமாக்கப் போறாங்கன்னு அவளே சொல்லிட்டா பாத்தியா. நீ நெனச்சதுதான்."

"அகலமாக்கறது நெசம்னா, லிஸ்ட்டும் நெசமா இருக்கலாம்ல?"

"இருக்கலாம். வெட்டறதுக்கும் அதே லிஸ்ட்டு ஆவும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. இரண்டு நாள் அதையே புரட்டினேன். பட்டியலில் சேர்த்தால் அந்தப் பட்டியலை வைத்தே அறுக்கலாம். சேர்க்காவிட்டால் பட்டியலில் இல்லை என்று சொல்லி அறுக்கலாம். ஒரு மரத்துக்கு முளையைத் தள்ளி அடித்தபோது இவ்வளவு யோசிக்கவில்லை. அன்றைக்கு எதிரில் கயிறு தெரிந்தது. இப்போது கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்றே தெரியவில்லை. கடைசியில் ஒன்று தோன்றியது. ஒருவேளை அவள் சொன்னது உண்மையாக இருந்து, பட்டியலில் இல்லை என்பதற்காக மரம் விழுந்தால், அதை அறுத்தது என் கை. கூட்டேரிப்பட்டில் சும்மா இருந்தேன். இங்கே நானே வேலை செய்து கொடுத்ததாக ஆகிவிடும்.

வியாழக்கிழமை காலையில் அவள் வளைவில் தனியாக நோட்டை வைத்துக்கொண்டு நின்றாள். பெயின்ட் ஆள் வரவில்லை. நான் பக்கத்தில் போனேன்.

"அழிச்சது நான்தாம்மா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஏன் தாத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

"வெட்டப் போறீங்கன்னு நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கறேன். பெயின்ட்டு குடு."

அவள் தயங்கினாள். பிறகு டப்பாவைக் கொடுத்தாள். முதல் காசானில் நூற்று நாற்பத்தொன்று போட்டேன். எதிர்ப்பக்கத்துப் பாலைக்கு நூற்று அறுபத்தாறு. அவள் நோட்டைப் பார்த்து, டேப் பிடித்து, "சரியா வருது" என்றாள். மூன்றாவது, நாலாவது. காசானில் எது எது என்று நான் கொஞ்சம்கூட நிற்கவில்லை. இந்த மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தே கை தேய்ந்திருக்கிறது. ஒன்றுக்கு முழங்காலில் முடிச்சு, ஒன்று ரோட்டுப் பக்கம் சாய்ந்தது, ஒன்றில் லாரி உரசின காயம். ஒரே சைசு என்கிறாள் அவள். பிள்ளை பெற்றவளுக்கு இரட்டைப் பிள்ளை ஒரே மாதிரியா தெரியும்?

கடைசியில் வீரை. தூரிகையை நனைத்துவிட்டு நின்றேன்.

"இதுக்கு எத்தன தாத்தா?"

"உனக்குத் தெரியும். நோட்டுல இருக்குது."

"நீங்க சொல்லுங்க."

"மொதல்ல நீ சொல்லு. ரோடு ஏன் வளையுதுன்னு கேட்டியே, அது இன்னாத்துக்கு?"

அவள் நோட்டை மூடினாள். "நேரா இருக்க வேண்டியது வளைஞ்சிருந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்த எழுதி வெச்சா, நாளைக்கு நேராக்கறவங்க அதப் படிச்சுத்தான் ஆகணும். காரணம் இல்லன்னா யாரோ தப்பா போட்டுட்டாங்கன்னு திருத்திடுவாங்க."

இத்தனை வருஷம் நான் மறைத்தால்தான் வளைவு நிற்கும் என்று இருந்தேன். சொன்னால்தான் நிற்கும் என்கிறாள் இவள். பொந்துக்குப் பக்கத்தில் வேரில் உட்கார்ந்து, முளை பிடுங்கின கதையைச் சொன்னேன். மேஸ்திரி சொன்ன பதிலுக்கு அவள் சிரித்தாள். எழுதிக்கொண்டாள். என் பேரைக் கேட்டாள்.

"பேரு வேணாம். கேங்குக்காரங்கன்னு எழுது."

பிறகு எழுந்து நூற்று ஐம்பத்தெட்டு போட்டேன். ஐந்தின் தொப்பியை நேராகப் போட்டேன். அது மட்டும் முதலில் இருந்த மாதிரி இல்லை.

காட்டை விட்டு வெளியே வரும் இடத்தில் நான் வேட்டியை உதறினேன். செருப்பைத் தட்டினேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். காட்டுக்கு இருக்கிற கட்டைச் சொன்னேன். அவள் துப்பட்டாவை உதறினாள், செருப்பைத் தட்டினாள், ஸ்கூட்டரில் ஏறப்போனாள்.

"பையி?" என்றேன்.

"அது சாம்பிள் தாத்தா. எந்த மரம்னு காட்ட வகைக்கு ஒரு எல வேணும்."

நான் வழியை விடவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள், காட்டைப் பார்த்தாள். பையைத் திறந்து, செய்தித்தாளைப் பிரித்து, இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் போட்டாள். காய்ந்து தட்டையாக, ஏறக்குறைய முப்பது இருக்கும். ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

"படம் போகலாமா? அதுக்கு உங்க ஐயனார் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"அவரு சொல்ல மாட்டாரு. எனக்குத்தான் சந்தேகம்."

வெள்ளிக்கிழமை வந்தார்கள். இரண்டு கார். நானும் கூட்டாளியும் தூரத்தில் நின்று பார்த்தோம். மரம் மரமாக நோட்டோடு ஒத்துப் பார்த்தார்கள். வீரை மரத்தின் அருகில் ரொம்ப நேரம் நின்றார்கள். ஒருவர் வளைவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கையை நீட்டிக் காட்டினார். எதைக் காட்டினார் என்று தெரியவில்லை.

"நேராக்கலாம்னு காட்றாரு" என்றான் கூட்டாளி.

"வளைஞ்சி போகுதுன்னு காட்றாரு" என்றேன் நான்.

"நீ எப்பலேருந்துயா நம்ப ஆரம்பிச்ச?"



இருபத்தொன்றும் பட்டியலில் ஏறிவிட்டது என்று அந்தப் பெண் அப்புறம் போன் பண்ணிச் சொன்னாள். எழுத்தில் வரும், வந்ததும் கொண்டுவந்து படித்துக் காட்டுகிறேன் என்றாள். இன்னும் வரவில்லை. ஆபீஸ் வேலை லேட் ஆகும் என்று மருமகள் சொல்கிறாள். ஆகும்தான்.

தினம் காலையில் வளைவு வரைக்கும் நடந்து போய்விட்டு வருகிறேன். போகும்போது இருபத்தொன்று, திரும்பும்போது இருபத்தொன்று. சிவப்பு கொஞ்சம் மங்கியிருக்கிறது. வெளியே வரும்போது உதறிவிட்டு வருகிறேன். மண்ணெண்ணெய்க் கேனில் இன்னும் கால்வாசி இருக்கிறது. மருமகள் அதை எடுத்துக் கொட்டப் பார்த்தாள். இருக்கட்டும் என்று கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.